மூன்று மொழிகளில் ஒரு கல்



களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் மட்டக்குளி. ஆற்றுக்கு இக்கரையில் நாங்கள், அக்கரையில் வத்தளை. மாலை வேளைகளில் காக்கைத்தீவுக் கடற்கரையில் நின்று நோக்கினால், கொழும்புத் துறைமுகத்தினுள் நுழைவதற்கு முறை பார்த்து நிற்கும் கப்பல்கள் தெரியும். அவை எந்நாட்டவை என்று ஊகித்துச் சொல்லுவதில் என் மாணாக்கர் வல்லவர். அதே மாணாக்கரிடம் வகுப்பறையிலே, “நடுக்கால உலகத்தின் பேரரசுகள் எவை?” என்று வினவினால் முகம் வாடிவிடுகின்றது. பக்தாது வீழ்ந்தது 1258, கொன்ஸ்தாந்திநோப்பிள் வீழ்ந்தது 1453 என்று ஒப்புவிப்பார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் அவ்வாண்டுகள் அவர்களை விட்டு அகன்றுவிடும். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை. அப்பேரரசுகள் யாவும் எங்கோ தொலைவில், தம்மோடு யாதொரு தொடர்புமின்றி எழுந்து வீழ்ந்தவை என்று அவர்கள் எண்ணுகின்றனர். நாமும் அப்படித்தானே கற்பிக்கின்றோம்!

இக்குறையைச் சிறிதேனும் போக்கலாம் என்று கருதி, பத்தாம் வகுப்பு மாணாக்கரை ஒருநாள் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் சென்றேன். அவர்களுக்கு நான் காட்ட விரும்பியது ஒரே ஒரு கல். ஏறக்குறைய 5 அடி உயரமும் 2½ அடி அகலமும் உடைய பலகைக் கல் அது. உச்சியிலே இரண்டு சீனப் பறவைநாகங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழ் மூன்று மொழிகளில் எழுத்து. வலப்பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சீனம். இடப்பக்கத்தின் மேற்பாதியில் தமிழ். அதற்குக் கீழே பாரசீகம். காலி நகரில் 1911ஆம் ஆண்டில் தொமலின் என்னும் பொறியியலாளர் இதனைக் கண்டெடுத்தபோது, இக்கல் தெருவோர மதகு ஒன்றுக்கு மூடியாகக் கிடந்தது. ஒரு பேரரசன் அனுப்பிய கல் சாக்கடைக்கு மூடியானது எப்படி என்று மாணாக்கர் சிரித்தனர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பின்னர் நிகழ்ந்ததுதான் இன்றைய பேச்சுக்குக் காரணம். தமிழ் மாணாக்கன் ஒருவன் கண்ணாடிக்கு அருகிற் குனிந்து, அறுநூறு ஆண்டுப் பழைய எழுத்துக்களுள் இரண்டொன்றை அடையாளங் கண்டு, பெருமிதத்தோடு நிமிர்ந்தான். முஸ்லிம் மாணாக்கர் இருவர் பாரசீகப் பகுதியிலே தமக்குத் தெரிந்த அரபு எழுத்துக்களைத் தேடினர். மூன்றாவதாக ஒரு பையன், தாய் சிங்களம் பேசுபவர், தந்தை தமிழர், சற்று நேரம் பேசாது நின்றான். பிறகு என்னருகே வந்து, “சேர், இது எங்கள் நாட்டுக் கல்தானே? சிங்களம் எங்கே?” என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகளாகக் கற்பிக்கும் தொழிலில் இருக்கின்றேன். அந்த வினாவுக்கு உடனே கொடுக்க என்னிடம் விடை இல்லை. எதையோ சொல்லிச் சமாளித்தேன். திரும்பி வரும்போது பஸ்வண்டியின் பலகையில் எங்கள் ஊரின் பெயர் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருந்ததை அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். அவனுக்கு அன்று சொல்லாத விடையை இன்று, கொஞ்சம் சுற்றி வளைத்தாயினும், சொல்ல முயலுகின்றேன்.

முதலில் கல் என்ன சொல்லுகின்றது என்பதைப் பார்ப்போம். மிங் வமிசத்துச் சீனப் பேரரசர் யொங்லோ, செங் ஹோ முதலிய தூதர் வாயிலாக இலங்கையிலுள்ள திருத்தலங்களுக்குக் காணிக்கை அனுப்புகின்றார். கல்லிலுள்ள தேதி 1409ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதிக்குச் சரியாகின்றது. சீனப் பகுதி புத்தர்பெருமானை வணங்குகின்றது. தமிழ்ப் பகுதி தென்கோடியிலுள்ள தேவேந்திரமுனையில் எழுந்தருளியிருந்த தெனாவரை நாயினாரை வணங்குகின்றது. அவரைத் திருமாலின் திருவடிவம் என்பர். பாரசீகப் பகுதி, தேய்ந்துபோன நிலையிலும், இசுலாமிய மார்க்கத்தைப் போற்றுவதென்பது தெளிவு. பொன் 1000, வெள்ளி 5000 என்று தொடங்கிப் பட்டும் நறுமண எண்ணெயும் பிறவும் எண்ணிட்டுக் கூறப்படுகின்றன. மூன்று சமயங்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவான காணிக்கை. ஒரு தட்டு உயர்ந்து மற்றொரு தட்டுத் தாழாதபடி அந்தச் சீனத்துக் கணக்கர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இக்கல் காலியில் வெட்டப்பட்டதன்று. சீனத்தின் அன்றைய தலைநகராகிய நான்சிங்கிலே எழுதி முடிக்கப்பட்டு, அவ்வாண்டின் பிற்பகுதியிற் புறப்பட்ட கப்பற்படையில் ஏற்றி வரப்பட்டது. அப்படியாயின், நான்சிங்கில் தமிழ் எழுதத் தெரிந்தவர் இருந்திருக்கின்றனர். பாரசீகம் எழுதத் தெரிந்தவரும் இருந்திருக்கின்றனர். எந்தெந்த மொழியில் எழுதினால் இலங்கைத் துறைமுகத்தில் வாசிப்பார்கள் என்று அறிந்தவரும் இருந்திருக்கின்றனர்.

மொழி அறிந்து எழுதுவது எத்துணை முக்கியம் என்பதற்கு, இதற்கு 126 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு செய்தியைச் சொல்லுகின்றேன். 1258இல் மங்கோலியர் பக்தாதைப் பாழாக்கினர். அதன்பின் இந்துசமுத்திர வணிகத்தின் பெரும்பகுதி பாரசீகக்குடாவை விட்டுச் செங்கடலுக்கும் எகிப்துக்கும் திரும்பிற்று. இம்மாற்றத்தை யாப்பகூவையிலிருந்து அரசு புரிந்த முதலாம் புவனேகபாகு அறிந்திருந்தான். ஆகவே 1283ஆம் ஆண்டில் கெய்ரோ நகரத்துச் சுல்தானிடம் தூது அனுப்பினான். தன்னிடம் யானை உண்டு, முத்து உண்டு, மாணிக்கம் உண்டு, கறுவா உண்டு, ஏமன் நாட்டாரின் உறவை விட்டு உம்மோடு வணிகஞ் செய்ய விரும்புகின்றேன் என்பது அவனது ஓலையின் பொருள். ஓலை பொற்பேழையில் வைத்து அனுப்பப்பட்டது. ஆனால் கெய்ரோவில் அதனை வாசிக்க ஒருவரும் இலர்! தூதுவரே வாயாற் சொல்லி விளக்க வேண்டியதாயிற்று. பக்தாதின் வீழ்ச்சி என்று மாணாக்கர் மனனஞ் செய்யும் அந்த ஆண்டுக்கும் யாப்பகூவைக் குன்றுக்கும் இடையே இப்படியொரு தொடர்பு உண்டென்று எங்கள் பாடநூல் கூறுமாயின், அவ்வாண்டை அவர்கள் மறப்பார்களா?

அக்காலத்துக் கடலில் வாசிக்கப்பட்ட மொழிகள் சிலவே. பாரசீகம் அவற்றுள் ஒன்று. 1344இல் இலங்கைக்கு வந்த மொறோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு உரையாடியதை எழுதி வைத்திருக்கின்றார். அத்தமிழ் மன்னருக்குப் பாரசீகம் விளங்கிற்று என்கிறார் அவர். தேவேந்திரமுனைக் கோயிலையும் அவர் கண்டார். கொழும்பையும் கண்டு, அது இத்தீவின் சிறந்த பெரிய நகரங்களுள் ஒன்று என எழுதினார்.

மற்றொரு கடல்மொழி தமிழ். சுமாத்திரா தீவின் பாருஸ் துறையில் 1088ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு உண்டு; ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கணத்தார் அதனை நிறுத்தினர். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு உண்டு. அங்கே சிவன் கோயில் எழுந்ததை அது கூறுகின்றது. நயினாதீவில் இன்றும் உள்ள கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதனை வெட்டுவித்தவன் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகு. மொழி தமிழ். பொருள் என்ன? பிற நாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்திறங்கலாம். அவர்களுக்குக் காவல் உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்துபோனால், காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தாற் பாதிக்குப் பாதி. கப்பலுடைந்து கரையொதுங்கிய மனிதனின் பொருளை முழுதும் அள்ளிக்கொள்வது உலகின் பல கரைகளிலும் வழக்கமாயிருந்த காலத்தில், ஓர் அரசன் இப்படி வரையறை செய்து, வாசிக்க வேண்டியவர் வாசிக்கும் மொழியில் எழுதி நிறுத்தினான். குதிரைக்கும் யானைக்கும் அவன் கூடுதலாக விட்டுக்கொடுத்ததன் காரணமும் வெளிப்படை. படைக்கு வேண்டியவை அவை.

ஆகவே காலிக் கல்லிலே தமிழ் இருப்பது, “இந்நாடு தமிழருடையது” என்பதற்கான பட்டயமும் அன்று. சிங்களம் இல்லாமை அம்மொழிக்கு இழிவும் அன்று. இதை நான் முதலில் தமிழ் மாணாக்கனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சோழர் வரலாறு படித்த பையன் அவன். முதலாம் இராசராசனின் படை 993இல் வந்தது, 1017இல் இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டான், 1025இல் கடாரம் கொள்ளப்பட்டது என்றெல்லாம் அடுக்குவான். 1070இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றியதை மட்டும் சற்றுத் தாழ்ந்த குரலிற் சொல்லுவான்! வெற்றிகள் உண்மை, தோல்வியும் உண்மை. ஆயினும், சோழப் பேரரசு இலங்கையை விட்டகன்று மூன்று நூற்றாண்டுக்குப் பின்னரும், அப்பேரரசே இல்லாமற் போனதற்குப் பின்னரும், நான்சிங் நகரத்து எழுத்தன் தமிழை வெட்டினானே. அது படைவலியால் வந்ததா, பண்டமாற்றால் வந்ததா? படையெடுத்த ஆண்டுகளை நாம் கற்பிக்கின்றோம். கப்பலுடைந்தவனுக்கு முக்காற்பங்கு கொடுத்த கல்வெட்டைக் கற்பிப்பதில்லை.

இனி, அக்கல் ஏறிவந்த கப்பற்படையின் கதை.

1405ஆம் ஆண்டு உலக வரலாற்றில் ஒரு விந்தையான ஆண்டு. தில்லியை 1398இல் சூறையாடியவனாகிய தைமூர், சீனத்தின்மீது படையெடுத்துப் புறப்பட்டு, வழியிலே 1405ஆம் ஆண்டு பெப்ரவரியில் மாண்டான். குதிரைமேல் ஏறி நிலவழியே உலகை வெல்லப் புறப்பட்ட பெரு வேந்தருள் அவன் ஏறத்தாழக் கடைசி. அதே ஆண்டின் நடுப்பகுதியில், சீனத்திலிருந்து செங் ஹோவின் முதற் கப்பற்படை தெற்கு நோக்கிப் புறப்பட்டது. செங் ஹோ யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். சிறுவயதில் மிங் படையினராற் சிறைபிடிக்கப்பட்டு, காயடிக்கப்பட்டு, அரண்மனைப் பணியாளராகி உயர்ந்தவர். அவரோடு புறப்பட்டவர் 27,000 பேருக்கு மேல். 92 ஆண்டு கழித்து லிஸ்பனிலிருந்து வாஸ்கோ த காமா புறப்பட்டபோது அவனிடம் இருந்தவை நான்கு கப்பல்கள்; ஆட்கள் ஏறக்குறைய 170. இவ்விரு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டு, “இவர்களுள் யார் இந்துசமுத்திரத்தை ஆண்டிருப்பார்?” என்று கேட்பது என் வழக்கம். எல்லாரும் ஒரே குரலில் தவறான விடையைச் சொல்லுவார்கள்.

செங் ஹோ வந்தபோது இலங்கையின் தென்மேற்கில் அதிகாரம் அழகக்கோனார் குடும்பத்தார் கையில் இருந்தது. இக்குடும்பத்தின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து இங்கே செல்வாக்குப் பெற்றவர் என வரலாற்றறிஞர் கொள்வர். அவர்கள் எப்படி உயர்ந்தார்கள் என்பதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்குண்டு. 14ஆம் நூற்றாண்டில் ஆரியச் சக்கரவர்த்தியின் கை மேற்குக் கரை நெடுக நீண்டிருந்தது. சிலாபம், நீர்கொழும்பு, வத்தளை, கொழும்பு ஆகிய துறைகளில் அவருடைய வரி அறவிடுவோர் இருந்தனர் என்று சிங்கள நூல்கள் கூறுகின்றன. வத்தளை என்றால் எங்கள் ஆற்றின் அக்கரை! கறுவாவும் பாக்கும் ஏற்றிய தோணி உள்நாட்டிலிருந்து ஆற்றோடு வந்து கடலைக் கூடும் வாயிலிலே யாழ்ப்பாணத்து ஆயக்காரன் உட்கார்ந்திருந்தான். நிசங்க அழகக்கோனார் என்னும் அமைச்சன் கோட்டே என்னும் சதுப்பு நிலத்தில் அரண் ஒன்றைக் கட்டி, உணவு சேர்த்து, வலிமை பெற்றதும் அவ்வரிகாரரைப் பிடித்துத் தூக்கிலிட்டான். சக்கரவர்த்தி நிலவழியும் கடல்வழியும் படை அனுப்பினார், அப்படைகள் பின்னிட்டன. அந்த அரணே பின்னாளில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டே ஆயிற்று. இதனைத் தமிழர் சிங்களர் போர் என்று சுருக்கிவிடுதல் எளிது. ஆற்றுவாயில் ஆயம் யாருக்கு என்பதே அங்கே வழக்கு.

இப்போது அழகக்கோனார் வமிசத்து வீர அழகேஸ்வரனின் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஒரு வெளியாளின் ஆயக்காரரைத் துரத்தி எழுந்த குடி அவனுடையது. அவன் துறைமுகத்துக்கு முன்னர் ஒரு பெருங் கப்பற்படை வந்து நிற்கின்றது. கல் ஒன்று இறக்கப்படுகின்றது. அதிலே புத்தருக்குக் காணிக்கை உண்டு, நாயினாருக்கு உண்டு, முஸ்லிம்களுக்கு உண்டு. கோயிலாரும் வணிகரும் தத்தம் மொழியில் அதனை வாசிக்கின்றனர். நாட்டை ஆளுகின்றவனுக்கு அக்கல்லில் ஒரு சொல்லும் இல்லை! புத்தருக்குரிய பகுதிகூட இந்நாட்டு மக்களுக்கு விளங்காத சீனத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. எல்லாரிடமும் பேசிய பேரரசர் அவனைத் தாண்டிப் பேசிவிட்டார். சிங்களம் இல்லாததற்கு எனக்குத் தோன்றும் விளக்கம் இதுவே: அக்கல் கடலோரத்து வெளிநாட்டாரையும் அவர்தம் தெய்வங்களையும் நோக்கியது, அரசனை நோக்கியதன்று. இது என் கருத்து. கற்றோர் வேறு கருதலாம்.

அதன்பின் நிகழ்ந்ததைச் சீனத்து அரசவைக் குறிப்பு பின்வருமாறு கூறுகின்றது. அழகேஸ்வரன் முதற் பயணத்தின்போதே சீனரை மதியாது நடந்தான். இம்முறை செங் ஹோவை உள்நாட்டுக்கு வரச்செய்து, பொன்னும் வெள்ளியுங் கேட்டு, மறுபுறம் 50,000 பேரை அனுப்பிக் கப்பல்களைக் கொள்ளையிட ஏவினான். திரும்பும் வழியை மரங்களை வெட்டிப்போட்டு அடைத்தான். செங் ஹோ தம்மோடிருந்த 2000 பேருடன், படை வெளியே சென்றதனாற் காவல் குறைந்த தலைநகரை வேறு வழியே சென்று தாக்கி, மன்னனையும் மனைவி மக்களையும் பிடித்தார். 1411ஆம் ஆண்டில் அவர்கள் நான்சிங்குக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பேரரசர் உயிர்ப்பிச்சை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

சிங்கள நூலாகிய இராஜாவலிய இதையே வேறு விதமாகக் கூறுகின்றது. பரிசும் புதுமைப் பொருளும் கொண்டுவருவதாகப் பாசாங்கு செய்து வந்திறங்கிய சீனர், வஞ்சனையால் மன்னனைக் கவர்ந்து சென்றனர் என்பது அதன் கூற்று. அம்மன்னனின் பெயரையும் அது விசயபாகு என்றே சொல்லுகின்றது.

இரண்டையும் மாணாக்கருக்கு வாசித்துக் காட்டினேன். “எது உண்மை, சேர்?” என்றனர். முதலில் யார் வஞ்சித்தார் என்பதை நான் தீர்ப்பதற்கில்லை. ஆனால் இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ளும் செய்திகள் சில உண்டு: பரிசு கொண்டுவந்த கப்பல்களே மன்னனையும் ஏற்றிச் சென்றன. மூன்று சமயங்களுக்கும் சமமாகக் காணிக்கை எழுதிய கல்லும், சிறைப்பட்ட அரசனும், ஒரே பயணத்தின் வரவும் செலவும். அக்கல்லைச் சமரசத்தின் சின்னம் என்று மட்டும் புகழ்ந்து பேசுவோர் இரண்டாவது செய்தியைச் சொல்லாது விடுகின்றனர். சீனர் படையெடுப்பு என்று மட்டும் பேசுவோர் முதலாவதை மறைக்கின்றனர். ஆசிரியன் இரண்டையும் சொல்லியாக வேண்டும். அதனால் வகுப்பு நீளும், பாடத்திட்டம் பின்தங்கும். அது வேறு வழக்கு.

போர் முடிந்தபின் கோட்டேயில் ஆறாம் பராக்கிரமபாகு அரசு கட்டில் ஏறினான். அவனது நீண்ட ஆட்சி 1467 வரை நீடித்தது. சீனத்துக்குத் தூதும் அனுப்பிக்கொண்டிருந்தான். அவனுடைய வளர்ப்பு மகன் செண்பகப் பெருமாள், சிங்களத்தில் சப்புமல் குமாரன், 1450 அளவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். இலங்கை முழுவதும் ஒரு குடைக்கீழ் வந்தது, நெடுநாள் நிலைக்கவில்லை.

கடலிலோ பெருந்திருப்பம் ஒன்று நிகழ்ந்தது. 1424இல் யொங்லோ பேரரசர் மங்கோலியர்மீது படை நடத்திச் சென்ற இடத்தில் இறந்தார். தலைநகர் அதற்கு முன்னரே வடக்கே பீக்கிங்குக்கு மாறியிருந்தது. கருவூலம் வற்றிற்று, வட எல்லையில் மங்கோலியர் அச்சம் ஓயவில்லை. ஏழாவது பயணம் 1433இல் முடிந்ததோடு பெருங்கப்பற் பயணங்கள் நின்றன. 1449இல் சீனப் பேரரசரையே மங்கோலியர் சிறைபிடித்தனர் என்றால், அவர்கள் ஏன் கடலை மறந்தனர் என்பது விளங்கும். யாரும் அவர்களைக் கடலில் தோற்கடிக்கவில்லை. அவர்களே திரும்பிப் போயினர். இன்னொரு கரையில், 1415இல் போர்த்துக்கேயர் ஆபிரிக்காவின் வடகோடியிலுள்ள செயுத்தா நகரைக் கைப்பற்றியிருந்தனர். ஆபிரிக்கக் கரையோரமாக அவர்கள் படிப்படியாகத் தெற்கே வந்துகொண்டிருந்தனர். 1498இல் கள்ளிக்கோட்டை. 1505இல் லொறென்சோ த அல்மெய்தாவின் கப்பல்கள் கொழும்பு.

அவர்களைக் கண்ட நம்மவர், கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிக்கும் மனிதர் வந்திருக்கின்றனர் என்று மன்னனுக்கு அறிவித்தனராம். உரொட்டியும் திராட்சை மதுவுந்தான் அவை. கோட்டே நகர் மிக அண்மையில் இருக்க, தூதுவரை நாட்கணக்கிற் சுற்றி அழைத்துச் சென்றனர், தலைநகர் தொலைவில் இருப்பதாகக் காட்டுவதற்கு. “பறங்கி கோட்டேக்குப் போனது போல” என்று சிங்களத்தில் இன்றும் பழமொழி உண்டு. தொண்ணூற்று நான்கு ஆண்டுக்கு முன் காவலில்லாத பாதையிற் புகுந்து அரசனைக் கொண்டுபோன சீனரின் நினைவு யாருக்கேனும் இருந்திருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு. அந்தச் சுற்றுப்பாதையாற் பயன் விளையவில்லை என்பது தனிக்கதை.

போர்த்துக்கேயர் கொண்டுவந்த கல் வேறு வகை. மூன்று மொழியும் மூன்று தெய்வமும் அதில் இல்லை. சிலுவையும் அவர்தம் அரசனின் இலச்சினையும் இருந்தன. செங் ஹோ காணிக்கை செலுத்திய தேவேந்திரமுனைக் கோயில் 1588இல் அவர்கள் படையால் இடிக்கப்பட்டது. காணிக்கை எங்கே போயிற்றோ! காணிக்கையை அறிவித்த கல்லும் எப்போதோ இடம் பெயர்ந்து, யார் கையிலோ பட்டு, காலித் தெருவில் நீரோடும் மதகின்மேற் படுத்தது. அதன்மேல் நடந்து போனவருள் தமிழ் வாசிக்கத் தெரிந்தவரும் இருந்திருப்பர்.

இவற்றையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அந்தப் பையனுக்கும் அவன் தோழருக்கும் சொல்லி முடித்தேன். நயினாதீவுக் கல்வெட்டைச் சிங்கள மன்னனே தமிழில் வெட்டுவித்தான் என்ற செய்தி அவனுக்குப் பிடித்திருந்தது போலும், கொப்பியில் எழுதிக்கொண்டான். அந்தக் கெய்ரோ நகரத்துப் பொற்பேழையைப் பற்றி மட்டும் மறுபடி கேட்டான். “வாசிக்க ஆள் இல்லை என்றால், அந்த ஓலையை என்ன செய்திருப்பார்கள், சேர்?”

நான் யோசித்துக்கொண்டிருக்கையில் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் புத்தகப் பைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கமாக ஓடினர்.